கிராம்பு போடாமல் கிராம்பு மணக்கும்!

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் கெல்ஹைம் என்ற சிறிய நகரம் இருக்கிறது. அங்குள்ள ஒரு பழைய ஆலையில் அடர்பழுப்பு நிறக் கோதுமை பீர் ஒன்று தயாராகிறது. பெயர் அவென்டினுஸ். கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் கலங்கலாக இருக்கும். மேலே நுரை கெட்டியாக நிற்கும். சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை முகர்ந்து எழுதும் குறிப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: நன்கு கனிந்த வாழைப்பழம், கிராம்பு, உலர்ந்த திராட்சை.

ஆலைக்குள் போய்த் தேடினால் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய கோதுமை, அதேபோல் பதப்படுத்திய பார்லி, ஹாப் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட் ஆகியவைதாம் மூலப்பொருள்கள். வேறெதுவும் சேர்ப்பதில்லை. பிறகு வாழைப்பழ வாசம் எங்கிருந்து வந்தது? கிராம்பைப் போட்டது யார்?

தொடர்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பீரில் ஏறக்குறைய 5 விழுக்காடு மதுசாரம் இருக்கும், இதில் 8.2 விழுக்காடு. மலேசியாவில் 21 வயது நிறையாதவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது. உங்கள் வகுப்பு நண்பர்கள் பலருக்குச் சமய அடிப்படையிலும் அது விலக்கப்பட்டது. இந்தப் பாடத்துக்கு ஒரு துளிகூடக் குடிக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது ஒரு மைலோ டின்னும், ஒரு வாழைப்பழமும், அடுப்படியில் இருக்கும் நான்கு கிராம்பும்தான்.

மைலோவிலிருந்து தொடங்குவோம்

பாட்டி வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மால்ட் என்பதும் அதே வேலைதான். தானியம் முளைக்கும்போது அதற்குள் அமிலேஸ் போன்ற நொதிகள் உருவாகி, மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைக்கத் தயாராகின்றன. அந்த நேரம் பார்த்து முளையைச் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். மைலோவின் முக்கியப் பொருள் பார்லி மால்ட். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த இனிய வாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது திரும்பி வரும்.

எவ்வளவு சூட்டில் உலர்த்துகிறார்கள் என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 80 பாகை செல்சியஸில் உலர்த்தினால் வெளிர்ந்த மால்ட் கிடைக்கும். 100 பாகையை ஒட்டிக் கொண்டுபோனால் தேன்பழுப்பு நிற மால்ட். அதற்கும் மேலே போய் வறுத்தால் கோப்பிக்கொட்டைபோல் கருத்துவிடும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912இல் இவ்வினையைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீல் மயார் பெயராலேயே இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டி சானாயின் பழுப்புப் புள்ளிகளும் சாத்தேயின் வாசமும் இதே வினையின் வேலைதான். பீரின் அடர்நிறமும் உலர்பழ மணமும் பெரும்பாலும் இங்கிருந்து வருகின்றன. ஆக, திராட்சைக்குக் காரணம் நெருப்பு. மற்ற இரண்டுக்கும் காரணம் வேறு.

ஒரே அமிலம், மூன்று வாசம்

லூசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கோதுமையில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது. நம் உடலால் இதைத் தயாரிக்க முடியாது. உணவில்தான் பெற வேண்டும்.

லூசினை மயார் வினையின் சூட்டில் போட்டால், அது நைட்ரஜனையும் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றையும் இழந்து, ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட 3-மெத்தில்பியூட்டனல் என்ற பொருளாகிறது. அதன் வாசம்தான் மால்ட் வாசம். மைலோ டின்னில் நீங்கள் முகர்ந்ததில் இதற்கும் பங்குண்டு. கொக்கோவிலும் இது இருக்கிறது.

அதே லூசினை ஈஸ்டிடம் கொடுத்தால் கதை வேறு. ஈஸ்ட் வளர்வதற்கு நைட்ரஜன் வேண்டும். லூசினிலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றிக்கொள்கிறது. மிஞ்சுகிற கார்பன் கூடு அதற்குத் தேவையில்லை. தேங்காயைத் துருவிக்கொண்டு சிரட்டையை வீசுவதுபோல, அந்தக் கூட்டை ஐசோஅமைல் ஆல்கஹாலாக மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. இந்த வழியை 1907இல் விளக்கியவர் ஃபெலிக்ஸ் ஏர்லிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் (மருத்துவ நோபெல் பரிசு பெற்ற பால் ஏர்லிக் வேறொருவர், குழப்பிக்கொள்ள வேண்டாம்). அவென்டினுஸ் பீரை முதன்முதலில் மியூனிக் நகரில் காய்ச்சியதும் அதே 1907இல்தான். ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே ஆண்டில் ஒருபுறம் வாசமும் மறுபுறம் அதன் விளக்கமும் பிறந்தன.

ஐந்தாம் படிவத்தில் எஸ்டர் படித்தவர்களுக்கு அடுத்த படி தெரியும். ஆல்கஹாலும் கார்பாக்சிலிக் அமிலமும் சேர்ந்தால் எஸ்டரும் நீரும் கிடைக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடேற்றுகிறோம். ஈஸ்ட் அதை 20 பாகைச் சூட்டில், ஓர் அமிலத்துளியும் இல்லாமல், ஒரு நொதியைக் கொண்டு முடித்துவிடுகிறது. ஐசோஅமைல் ஆல்கஹாலுடன் அசெட்டிக் அமிலத்தின் பகுதி ஒன்று இணைகிறது: 5 கார்பனும் 2 கார்பனும் சேர்ந்து 7 கார்பன் கொண்ட ஐசோஅமைல் அசெட்டேட். கடையில் வாழைப்பழ எசன்ஸ் என்று விற்கும் திரவத்தின் உயிர் இதுதான்.

உண்மையான வாழைப்பழம் என்ன செய்கிறது தெரியுமா? அதுவும் பழுக்கும்போது லூசினிலிருந்தே இந்த எஸ்டரைச் செய்கிறது. எனவே பீரில் வரும் வாழைப்பழ வாசத்தைப் போலி என்று சொல்வதற்கில்லை. அதே மூலப்பொருள், அதே மூலக்கூறு. செய்பவர் மட்டும் வேறு.

இடையில் ஒரு செய்தி. தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களைக் கூப்பிட வெளியிடும் அபாய மணத்திலும் ஐசோஅமைல் அசெட்டேட்தான் முதன்மையானது. இதை 1962இல் கண்டுபிடித்தார்கள். தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று வாழைப்பழம் சாப்பிடாதீர்கள் என்று தேனீ வளர்ப்போர் சொல்வது இதனால்தான்.

நொதித்தல் சற்று வெதுவெதுப்பாக நடந்தால் வாழைப்பழ வாசம் கூடும். தொட்டியில் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறினால் குறையும். அதனால்தான் ஆழம் குறைந்த, மூடியில்லாத தொட்டிகளைச் சில பவேரிய ஆலைகள் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. எஸ்டர் வினை மீள்வினை என்பதையும் மறக்கக்கூடாது. புட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்டர் மெல்ல நீரோடு வினைபுரிந்து பழையபடி பிரிந்துவிடும். பழைய புட்டியைத் திறப்பவர்கள் வாழைப்பழம் மங்கி உலர்பழ வாசம் மேலோங்கியிருப்பதாக எழுதுகிறார்கள். பாடநூலில் இரு பக்கமும் அம்புக்குறி போட்டு எழுதும் சமன்பாட்டை அவர்கள் மூக்கால் படிக்கிறார்கள்.

பெருங்காயத்தின் உறவுக்காரர்

இப்போது கிராம்பு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோதுமை, பார்லி மணிகளின் செல் சுவர்களில் ஃபெரூலிக் அமிலம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கவனியுங்கள். பெருங்காயம் தரும் செடியின் பேரினப் பெயர் ஃபெரூலா. அதன் பிசினிலிருந்து 1866இல் இந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. சாம்பாரில் போடும் பெருங்காயத்துக்கும் பவேரியக் கோதுமைக்கும் இப்படியொரு சொந்தம்.

அரைத்த மால்ட்டை வெந்நீரில் கலந்து, 45 பாகைச் சூட்டில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், மால்ட்டிலுள்ள ஒரு நொதி இந்த அமிலத்தைச் சுவரிலிருந்து விடுவிக்கிறது. கிராம்பு மணம் தூக்கலாக வேண்டுமென்று நினைக்கும் ஆலைக்காரர் இந்தப் படியைத் தவறவிடமாட்டார். பிறகு ஈஸ்ட் வந்து, அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூற்றை வெட்டி எறிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபெரூலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 194. கரியமில வாயுவின் நிறை 44. மிஞ்சுவது 150. அந்த 150தான் 4-வினைல் குவாயகோல்.

உங்கள் வீட்டுக் கிராம்பின் மணத்துக்குக் காரணம் யூஜினால். அதன் நிறை 164. இரண்டின் அமைப்பையும் வரைந்து பக்கத்தில் வைத்தால் வளையம் அப்படியே ஒன்றாக இருக்கும். வாலில் மட்டும் யூஜினாலுக்கு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதல். நிறையில் 14 வேறுபாடு. மூக்குக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டையும் கிராம்பு என்றே சொல்கிறது.

ஈஸ்ட் ஏன் இதைச் செய்கிறது? நம்மை மகிழ்விக்க அல்ல. இத்தகைய தாவர அமிலங்கள் ஈஸ்டுக்கு நஞ்சு. அவற்றை வெட்டித் தீங்கு குறைந்த பொருளாக்கும் தற்காப்பு இது என்று கருதப்படுகிறது. இதற்குப் பிஏடி1, எஃப்டிசி1 என்ற இரண்டு மரபணுக்கள் வேண்டும். காட்டு ஈஸ்டுகளில் இவை சரியாக வேலை செய்கின்றன. ஆனால் பெரும்பாலான பீர் ஈஸ்டுகளில் இவை பழுதடைந்திருக்கின்றன!

2016இல் பெல்ஜியத்தின் லூவென் நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்ட முடிவு இது. வேறு வேறு பீர் ஈஸ்டுகளில் இந்த மரபணுக்கள் வேறு வேறு இடங்களில் பழுதடைந்திருந்தன. ஒரே ஒரு விபத்து பரம்பரையாகப் பரவியிருந்தால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும். ஆகவே பலமுறை, பல ஊர்களில், தனித்தனியாக இது நடந்திருக்கிறது. காரணம், பெரும்பாலான பீர்களில் கிராம்பு மணம் ஒரு குறை. தயாரிப்பாளர்கள் அதை மருந்து நெடி என்று ஒதுக்குவார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தயிர் போதும். நல்ல தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நாளைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம். நாற்றமடித்தால் கொட்டிவிடுகிறோம். ஆலைக்காரர்களும் நன்றாக வந்த தொட்டியின் நுரையை அள்ளி அடுத்த தொட்டியில் போட்டார்கள். கிராம்பு வாசம் வந்ததை ஒதுக்கினார்கள். நூற்றாண்டுகள் இப்படியே போக, மரபணு பழுதான ஈஸ்டுகளே பிழைத்தன. அந்த மணத்தை விரும்பிய கோதுமை பீர்க்காரர்களின் தொட்டிகளில் மட்டும் மரபணு பழுதில்லாமல் தங்கியது. காட்டு வாழையிலிருந்து விதையில்லாத வாழையை மனிதன் தேர்ந்தெடுத்த கதைதான் இதுவும். ஆனால் வாழையை அவன் கண்ணால் பார்த்தான். ஈஸ்ட் என்ற உயிர் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. 1516இல் பவேரியாவின் ஆட்சியாளர்கள் பீருக்குப் போட்ட புகழ்பெற்ற சட்டத்தில் பார்லி, ஹாப், தண்ணீர் என்று மூன்றே பொருள்கள். ஈஸ்ட் பட்டியலில் இல்லை. நொதித்தல் உயிருள்ள பொருளின் வேலை என்று பாஸ்டர் நிறுவியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

(பார்லி மட்டும் என்றால் கோதுமை பீர் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? சட்டம் மக்களுக்கு, விதிவிலக்கு பிரபுக்களுக்கு. 1602 முதல் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை ஆளும் குடும்பமே தன்னிடம் வைத்துக்கொண்டது. 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் தொடங்கிய ஆலைதான் பின்னாளில் அவென்டினுஸைத் தந்தது.)

இந்தக் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதே நொதி ஃபெரூலிக் அமிலத்தோடு நிற்பதில்லை. தானியத்தில் சின்னமிக் அமிலம் என்று இன்னொன்று இருக்கிறது, நிறை 148. அதிலிருந்தும் 44ஐ வெட்டிவிடுகிறது. மிஞ்சும் 104 என்ன தெரியுமா? ஸ்டைரீன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் முன்பு சாப்பாடு கட்டிக் கொடுத்த வெள்ளை நுரைப் பெட்டியின் மூலப்பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. பீரில் இது மிக மிகச் சிறிய அளவில்தான் உண்டாகிறது. இலவங்கப்பட்டையிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. இருந்தாலும் கிராம்பு மணத்தைக் காத்து ஸ்டைரீனை மட்டும் குறைப்பது எப்படி என்று ஆய்வாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். எளிதல்ல, கத்தி ஒன்றே, வெட்டப்படுவதுதான் வேறு. அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதுபானங்களை அதே அமைப்பு 1988லேயே, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

கண்ணை நம்பாத மூக்கு

மணத்தை மதிப்பிடுவோர் உண்மையில் எதைக் கொண்டு அளக்கிறார்கள்? நாக்கு சொல்வது மிகக் குறைவு: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. மற்றவை மூக்கின் வேலை. வாயில் இருக்கும் உணவின் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அங்கே ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள் காத்திருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் மூளை மூக்கை மட்டும் கேட்பதில்லை. கண் சொல்வதையும் கலந்துவிடுகிறது. 2001இல் பிரான்சின் போர்தோ நகரில், ஒயின் தயாரிப்பைப் பாடமாகப் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களைக் கொண்டு அதை வருணித்தார்கள். கரும்பழுப்பு பீரைப் பார்த்ததும் ‘சாக்லெட்’ என்று எழுதுபவரின் மூக்கு பேசுகிறதா, கண் பேசுகிறதா? இதற்காகவே சோதனைக்கூடங்களில் நிறம் தெரியாத குவளைகளிலோ சிவப்பு விளக்கின் கீழோ மாதிரிகளைத் தருகிறார்கள்.

சொற்களும் ஒரு சிக்கல்தான். 1970களில் மோர்ட்டன் மெயில்கார்ட் பீர் மணங்களுக்கு ஒரு சொற்சக்கரம் வகுத்தார். ஒருவர் வாழைப்பழம் என்றால் மற்றவருக்கும் அதே மூலக்கூறு நினைவுக்கு வரவேண்டும் என்பது நோக்கம். தமிழில் சுவைக்கு ஆறு பெயர் வைத்த நாம் மணத்துக்கு அப்படித் தனிப்பெயர்கள் வைக்கவில்லை. இருந்த ‘நாற்றம்’ என்ற நல்ல சொல்லையும் கெட்ட வாடைக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

எல்லாவற்றையும்விட எளிமையான சோதனை, கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940களில் உருவான முக்கோணச் சோதனை. மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் கேட்க வேண்டும்.

இதை இன்று மாலையே செய்யலாம். முதலில் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாழைப்பழத்தை மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் வாழைப்பழம் ‘வரும்’. பிறகு மூன்று கோப்பைகளில் மைலோ கலக்குங்கள். ஒன்றில் மட்டும், கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு தேக்கரண்டி விடுங்கள். மற்ற இரண்டில் அதே அளவு வெறும் வெந்நீர். சூடு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். கலந்தவர் கோப்பைகளை இடம் மாற்றிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். முகம் பார்த்தே விடை சொல்லிவிடுவார்கள். ருசிப்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி தனித்தனியே சொல்ல வேண்டும்.

குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாக வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. எனவே ஒருவர் சரியாகச் சொன்னதால் எதுவும் உறுதியாகிவிடாது. இருவரும் தற்செயலாகச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 9இல் ஒன்று. ஐந்து பேரும் சொன்னால் 243இல் ஒன்று. ஐவரும் சரியாகச் சொல்லிவிட்டால், அடுத்த முறை கிராம்புத் தண்ணீரை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். பிறகு கால் தேக்கரண்டி. எந்த அளவில் விடைகள் தடுமாறத் தொடங்குகின்றனவோ, அதைக் குறித்துவையுங்கள்.